விட்ட பறத்தலைத் தொடர்வதும் டெயில்வீல் பழகுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இளவயதில் பைலட் லைசென்ஸ் வாங்கி, வேலை, கல்யாணம், பிள்ளைகள் படிப்பு என்று விட்டுவிட்டு, இப்போது மறுபடி ஏறலாமா என்று யோசிப்பவர்கள் மதுரைப் பக்கம் நான் நினைத்ததைவிட அதிகம். பெருங்குடி டீக்கடையில் நின்று, இறங்கும் விமானத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து கேட்கிறார்கள். நானும் பத்தொன்பது வருடம் விட்டிருந்தவன்தான். தமிழ்நாட்டிலேயே ஒரு பயிற்சி மையத்தில் செஸ்னா 172-ல் மறுபடி பழகி, பிறகு டெக்சாஸில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது சிட்டாப்ரியா என்ற டெயில்வீல் விமானத்தைக் கற்றுக்கொண்டேன். கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

“அண்ணே, டெயில்வீல் டெயில்வீல்னு சொல்றீங்களே, மத்த சின்ன விமானத்துக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?”

முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலுக்கு அடியில் ஒரு சின்னச் சக்கரம். நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும், வால் தரையில் உட்கார்ந்திருக்கும். இன்றைக்குப் பயிற்சி மையங்களில் இருக்கும் செஸ்னா 152, 172 போன்றவற்றில் அந்த மூன்றாவது சக்கரம் மூக்குக்குக் கீழே இருக்கிறது. மேலே போய்விட்டால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் எல்லாம் தரையில்.

ஒரு காலத்தில் பெரும்பாலான விமானங்கள் இப்படித்தான் இருந்தன. அதனால்தான் இந்த அமைப்புக்கு ‘கன்வென்ஷனல் கியர்’ என்ற பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூக்கு தூக்கி நிற்பதால் ப்ரொப்பெல்லர் தரையிலிருந்து உயரத்தில் இருக்கும். புல்தரை, மண்தரை, மேடுபள்ளம் எல்லாவற்றையும் தாங்கும்.

“எங்க மாமா புஷ்பக் ஓட்டினேன்னு சொல்லிட்டே இருப்பார். அதுவும் இந்த வகையா?”

ஆமாம், அசல் டெயில்வீல். இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் கட்டியது, முதலில் பறந்தது 1958-ல். மேல் இறக்கை, துணி போர்த்திய உடல், 90 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின், இருவர் அருகருகே உட்காரலாம். நாடு முழுக்க ஃப்ளையிங் கிளப்புகளுக்குப் போன விமானம் அது. அதற்கு முன்பு 1951-ல் பறந்த எச்டி-2 பயிற்சி விமானமும், அதற்கும் முந்தைய டைகர் மாத்தும் வால் தரையில் உட்காரும் விமானங்களே. ஆக, மாமா காலத்தில் டெயில்வீல் என்று தனியாக யாரும் பழகவில்லை. பறக்கப் பழகியதே அதில்தான்.

மாமா இருந்தால் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எனக்கு அப்படி ஒரு ஓய்வுபெற்ற இன்ஸ்ட்ரக்டர் அய்யா கிடைத்தார். “பெடல் மேல கால் தூங்கக் கூடாது தம்பி” என்று அவர் திண்ணையில் சொன்னதை விமானத்தில் போய்த்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன். வாலில் இருக்கும் ரட்டர் பலகையைத் திருப்பி மூக்கை இடவலமாக நகர்த்துவது கால் பெடல்தான்.

“லைசென்ஸ் வாங்கிப் பதினஞ்சு வருசம் ஆச்சு. திரும்பவும் முதல்ல இருந்தா?”

இல்லை. நீங்கள் பறந்த மணிகள் லாக்புக்கில் உங்களுடையவைதான், அவற்றை யாரும் அழிக்க முடியாது. முதல் வேலையாகப் பழைய லாக்புக்கையும் லைசென்ஸையும் தேடி எடுங்கள். என் லாக்புக் அம்மாவின் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது. இரண்டாவது வேலை மெடிக்கல். தனியார் பைலட் லைசென்ஸுக்கு இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று, கமர்ஷியலுக்கு முதல் வகுப்பு. அது கைக்கு வராமல் விமானத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

மூன்றாவதாக, லைசென்ஸ் தரும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் இஜிசிஏ இணையத்தளத்தில் கணக்குத் திறக்க வேண்டும். நம் காலத்தில் காகிதமாக அனுப்பியவை இப்போது அதன் வழியாகத்தான் போகின்றன. எத்தனை மணி நேரம் இன்ஸ்ட்ரக்டருடன் பறக்க வேண்டும், எந்தத் தேர்வு மறுபடி எழுத வேண்டும் என்பது உங்கள் லைசென்ஸ் எப்போது காலாவதியானது என்பதைப் பொறுத்தது. நண்பர் சொன்ன கணக்கை நம்பாமல், சேரப்போகும் மையத்தின் தலைமை இன்ஸ்ட்ரக்டரிடம் காகிதங்களைக் காட்டிக் கேளுங்கள்.

“வயசு 54. பிரஷர் மாத்திரை சாப்பிடுறேன். மெடிக்கல்ல தூக்கிடுவாங்களா?”

மாத்திரையால் கட்டுக்குள் இருக்கும் ரத்த அழுத்தம் மட்டுமே ஒருவரைத் தகுதியிழக்கச் செய்துவிடாது. என்ன மாத்திரை, எவ்வளவு நாளாக, அளவு நிலையாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முடிவு மருத்துவப் பரிசோதகருடையது. மறைக்க மட்டும் வேண்டாம். படிவத்தில் எழுதாமல் விட்டு, மேலே தனியாக இருக்கும்போது தலை சுற்றினால் உதவிக்குப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

“ரொம்ப நாள் கழிச்சு ஏறினா எது மறந்து போயிருக்கும்?”

கை மறக்காது, கால் மறந்துவிடும். எனக்கு நடந்தது இதுதான். மேலே ஏறியதும் நேராகப் பறப்பது, திரும்புவது எல்லாம் நேற்று விட்டது போலக் கைக்கு வந்துவிட்டது. சந்தோஷமாக இருந்தேன். இன்ஸ்ட்ரக்டர் ஒன்றும் சொல்லாமல் டேஷ்போர்டில் திரும்பலைக் காட்டும் கருவிக்குக் கீழே, வளைந்த கண்ணாடிக் குழாயில் இருக்கும் கறுப்புக் குண்டைச் சுட்டிக்காட்டினார். அது நடுவில் இல்லை, ஓரத்தில் ஒதுங்கியிருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் விமானம் சறுக்கிக்கொண்டே போயிருக்கிறது. என் இரண்டு காலும் பெடல் மேல் சும்மா கிடந்திருக்கின்றன.

அடுத்து மறப்பது ரேடியோ. காது கேட்கும், வாய் வராது. வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். அப்புறம் செக்லிஸ்ட்: மனப்பாடமாகத் தெரியும் என்று தோன்றும், ஆனால் பாதிதான் நினைவில் இருக்கும். தாளைக் கையில் வைத்துப் படித்தே செய்யுங்கள்.

“மதுரையிலயே டெயில்வீல் பழகலாமா?”

இன்றைக்கு நாட்டில் பயிற்சி மையங்களில் இருப்பவை பெரும்பாலும் மூக்குச் சக்கர விமானங்கள். டெயில்வீல் வேண்டுமென்றால் தேடித்தான் போக வேண்டும். அதனால் பலர் என்னைப் போல வெளிநாட்டில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது பழகுகிறார்கள். திரும்பப் பறப்பதை இங்கேயே முடித்துக்கொண்டு, காலைத் தயார் செய்துகொண்டு போவது நல்லது. அங்கே போய் முதல் ஐந்து மணி நேரத்தைப் பழையதை நினைவுபடுத்துவதில் செலவழிப்பது வீண்.

மதுரை விமான நிலையத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஓடுதளம் கிழக்கு மேற்காக, 09/27 (கிழக்கு பார்த்து இறங்கினால் 09, அதாவது 90 டிகிரி; மேற்கு பார்த்து இறங்கினால் 27, அதாவது 270 டிகிரி), நீளம் சுமார் 2,285 மீட்டர். பெரிய விமானங்கள் வந்து போகும் இடம்; கன்ட்ரோல் டவர் சொல்வதுதான் சட்டம். பயிற்சி விமானத்தில் வழியில் வந்து இறங்குவதானாலும் முன்கூட்டியே எல்லாம் பேசி வைத்திருக்க வேண்டும். வடகிழக்கே யானைமலை, வடமேற்கே நாகமலை, பக்கத்திலேயே திருப்பரங்குன்றம் என்று அடையாளங்கள் தெளிவாக இருக்கும். சின்ன விமானத்திலிருந்து யானைமலையைப் பார்த்தால் அது படுத்திருக்கும் யானை என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

“கயத்தாறு, செட்டிநாடு பக்கம் பழைய ரன்வே சும்மாதானே கிடக்கு? அங்க பழகுனா என்ன?”

இரண்டாம் உலகப் போர்க் காலத்துத் தளங்கள் அவை. ‘சும்மா கிடக்கிறது’ என்பதும் ‘இறங்கலாம்’ என்பதும் ஒன்றல்ல. அனுமதி இல்லாத தளத்தில் இறங்குவது சட்டப்படி தப்பு. ஆடு மேய்ப்பவர், வெடிப்பு, முள்செடி எது எங்கே இருக்கும் என்று மேலிருந்து தெரியாது. கயத்தாறில் காற்றாலை ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். காற்றுக்குப் பேர் போன ஊரில் டெயில்வீல் கற்றுக்கொள்ளத் தொடங்கக் கூடாது.

“எல்லாரும் கிரவுண்ட் லூப்னு பயமுறுத்துறாங்க. அப்படி ஏன் சுத்துது?”

தரையில் ஓடும்போது விமானம் பிடிக்கு அடங்காமல் தன்னையே சுற்றிக்கொள்வதுதான் கிரவுண்ட் லூப். டிராக்டரில் டிரெய்லரை மாட்டி ரிவர்ஸ் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் இழுத்துப் போகும்போது டிரெய்லர் தானாக நேராக வரும். பின்னால் தள்ளும்போது கொஞ்சம் கோணினாலும் அந்தக் கோணல் தானாகவே பெருகி, கடைசியில் மடங்கிவிடும். டிரைவர் கோணல் தெரிவதற்குள் ஸ்டியரிங்கைத் தொட்டுத் தொட்டுச் சரிசெய்துகொண்டே இருப்பார்.

டெயில்வீலிலும் அதேதான். விமானத்தின் எடை மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. மூக்கு சற்றே இடப்பக்கம் போனால், பின்னால் இருக்கும் எடை பழைய திசையிலேயே போக முயன்று, வாலை வெளியே வீசி, மூக்கை இன்னும் இடப்பக்கம் தள்ளும். தடுக்காவிட்டால் விமானம் தன்னையே சுற்றிக்கொள்ளும், வெளிப்பக்க இறக்கை நுனி தரையில் உரசும். மூக்குச் சக்கர விமானத்தில் எடை மையம் பெரிய சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதால், கோணினாலும் அதுவே நேராகப் பார்க்கும். இத்தனை வருடம் அது நம் தப்பை மன்னித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

மருந்து ஒன்றுதான்: சின்னதாக, சீக்கிரமாக, உடனே திருப்பி எடுப்பது. பெடலை மிதித்து வைக்கக் கூடாது; தொட்டு விட வேண்டும். தையல் மெஷின் மிதிப்பது போல இரண்டு காலும் மாறி மாறி உயிரோடு இருக்க வேண்டும். கண் மூக்கைப் பார்க்காமல் ஓடுதளத்தின் கடைசியைப் பார்க்க வேண்டும். கோணல் அங்கேதான் முதலில் தெரியும்.

“டேக்-ஆஃப்ல ஏன் இடது பக்கமே இழுக்குது?”

பவர் கொடுத்ததும் எஞ்சினின் எதிர்விசை இடது சக்கரத்தை அழுத்தும். ப்ரொப்பெல்லர் கிளப்பும் காற்று உடலைச் சுற்றிவந்து வால் செங்குத்துப் பலகையை ஒரு பக்கம் தள்ளும். வால் தரையில் இருக்கும்வரை ப்ரொப்பெல்லர் சாய்ந்து நிற்பதால் கீழிறங்கும் வலப்பக்க அலகு அதிகம் கடிக்கும். வாலைத் தூக்கும் நொடியில் பம்பர விளைவும் சேர்ந்துகொள்ளும்: சுழலும் தட்டைச் சாய்த்தால் அது வேறு பக்கம் திரும்பும். நான்கும் இடப்பக்கமே தள்ளும். அதனால் வாலை வெடுக்கென்று தூக்காமல் நிதானமாக எழவிட்டு, அந்த நேரத்தில் வலது கால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள்.

இது அமெரிக்க எஞ்சின்களின் கணக்கு. டைகர் மாத்தின் ஜிப்ஸி மேஜர் எஞ்சின் எதிர்ப்பக்கம் சுற்றும். அது வலப்பக்கம் இழுக்கும். மாமா சொல்வதும் நீங்கள் படித்ததும் ஒத்துவராவிட்டால் அவர் எந்த விமானத்தைச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

“மூணு சக்கரமும் சேர்ந்து இறங்கணுமா, முன் சக்கரம் மட்டுமா? ஆளுக்கொண்ணு சொல்றாங்க.”

இரண்டும் சரி, இரண்டும் பழக வேண்டும். மூன்று புள்ளி இறக்கத்தில் தரையை ஒட்டி விமானத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பீர்கள். வேகம் தீரத் தீர ஸ்டிக் (கையில் பிடித்து ஓட்டும் தடி) பின்னால் வந்துகொண்டே இருக்கும். அது வயிற்றைத் தொடும்போது மூன்று சக்கரமும் சேர்ந்து உட்காரும். வேகம் குறைவு, ஓட்டம் குறைவு. புதிதாகப் பழகுபவருக்கு இதுதான் முதலில்.

வீல் லேண்டிங்கில் சற்று வேகத்துடன், வால் மேலே இருக்க, முன் சக்கரங்களை மட்டும் மெதுவாக வைத்து, தொட்ட கணத்தில் ஸ்டிக்கை லேசாக முன்னால் கொடுக்க வேண்டும். முன்னால் ‘தள்ள’ அல்ல, இறக்கை மறுபடி தூக்காமல் இருக்கும் அளவுக்குத்தான். முன்னே நன்றாகத் தெரியும், ரட்டருக்குக் காற்று இருக்கும், காற்று வீசும் நாளில் பலர் இதைத்தான் விரும்புவார்கள். எனக்கு மூன்று புள்ளிதான் பிடிக்கும். அந்த ஸ்டிக் கடைசி அங்குலம் பின்னால் வரும்போது விமானம் பெருமூச்சு விட்டு உட்காருவது கை வழியாகவே தெரியும்.

“தொட்டதும் துள்ளுது. என்ன பண்றது?”

முன் சக்கரம் கீழ்நோக்கிய வேகத்துடன் அடித்தால், பின்னால் இருக்கும் எடை வாலைக் கீழே இழுக்கும் (கிரவுண்ட் லூப் பதிலில் சொன்ன அதே எடைதான்). வால் இறங்கினால் இறக்கையின் கோணம் கூடும், விமானம் மறுபடி பறக்கத் தொடங்கும். அப்போது ஸ்டிக்கை முன்னால் தள்ளித் தரையைத் துரத்தாதீர்கள். அடுத்த துள்ளல் பெரிதாகும். சின்னத் துள்ளலென்றால் மூக்கை அப்படியே பிடித்து, தேவைப்பட்டால் துளி பவர் சேர்த்து, மறுபடி இறக்குங்கள். பெரிதென்றால் முழு பவர், மேலே போய்விடுங்கள். என் முதல் நாளில் எட்டு முயற்சியில் மூன்று முறை அப்படி மேலே போனேன். இன்ஸ்ட்ரக்டர் பாராட்டியது அந்த மூன்றைத்தான்.

“ஆடி மாசம் இங்க அடிக்கிற காத்துல டெயில்வீல் இறக்க முடியுமா?”

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆனால் எவ்வளவு அடிக்கிறது என்பதோடு, எந்தப் பக்கத்திலிருந்து என்பதையும் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் இங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும், 27-ல் இறங்குபவருக்கு ஏறக்குறைய எதிர்க்காற்று. உதாரணமாக, 240 டிகிரியிலிருந்து 18 நாட் (காற்றின் வேக அளவு) என்றால் ஓடுதளத்தோடு கோணம் 30 டிகிரி. குறுக்குக் காற்று வேகத்தில் பாதி, 9 நாட். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு திரும்பியதும் 09-ல் இறங்கும்போது 050-லிருந்து வெறும் 12 நாட் அடித்தாலே கோணம் 40 டிகிரி, குறுக்கே கிட்டத்தட்ட 8 நாட். ஆடியில் 18 நாட் தருவதற்குக் கொஞ்சம்தான் குறைவு. மனக்கணக்குக்கு: 30 டிகிரிக்குப் பாதி, 45-க்குப் பத்தில் ஏழு, 60-க்கு மேல் கிட்டத்தட்ட முழுசு.

இறக்கும் முறை: காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ப் பெடலால் மூக்கை ஓடுதளத்துக்கு நேராக வைத்திருக்க வேண்டும். காற்றுப் பக்கத்துச் சக்கரம் முதலில் தொடும். தொட்ட பிறகுதான் பலர் கோட்டைவிடுவது: ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். வேகம் குறையக் குறைய எய்லரானில் (இறக்கையின் பின்னோரத்தில் அசையும் பலகை) காற்று குறையும், ஆகவே ஸ்டிக் காற்றுப் பக்கம் கூடிக்கொண்டே போய் முழுசாக முட்டி நிற்க வேண்டும். விட்டு விட்டு அடிக்கும் காற்று எதிர்க்காற்றாக இருந்தாலும் புதியவர் அன்றைக்குப் பறக்க வேண்டாம். காலை ஏழு மணிக்கு வாருங்கள், காற்று எழுவதற்குள் ஒரு மணி நேரம் கிடைக்கும்.

“சித்திரை வெயிலுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?”

உண்டு. மதுரை கடல்மட்டத்திலிருந்து சுமார் 140 மீட்டர்தான். ஆனால் 38 டிகிரி வெயிலில் எஞ்சினும் இறக்கையும் 3,000 அடிக்கு மேல் இருப்பது போல நடந்துகொள்ளும். ஓட்டம் நீளும், ஏற்றம் மந்தமாகும். சின்ன எஞ்சின் விமானத்தில் இரண்டு பெரிய ஆட்கள், நிறைந்த டேங்க் என்று மத்தியானம் கிளம்பாதீர்கள்.

“கம்ப்யூட்டர்ல சிமுலேட்டர் வச்சிருக்கேன். அதுல பழகிட்டா?”

ரேடியோவுக்கும் செக்லிஸ்ட்டுக்கும் நல்லது. கிரவுண்ட் லூப் உடம்பில்தான் முதலில் தெரியும், இருக்கையின் அடியில். அதைத் திரை காட்டாது.

“எத்தனை மணி நேரம் ஆகும்?”

தொடர்ந்து பறந்துகொண்டிருப்பவருக்குப் பொதுவாக ஐந்திலிருந்து பத்து. விட்டுத் தொடர்பவர் அதற்கு மேலேயே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எனக்குப் பதினொன்று. ஒரே நாளில் மூன்று மணி நேரம் பறப்பதைவிட, தினமும் ஒரு மணி நேரம் பறந்தால் கால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். களைத்த கால் மெதுவாகும். மெதுவான கால்தான் ஆபத்து.

“அமெரிக்காவுல வாங்கின கையெழுத்து இங்க செல்லுமா?”

அங்கே இன்ஸ்ட்ரக்டர் லாக்புக்கில் எழுதித் தரும் டெயில்வீல் ஒப்புதல் அந்த நாட்டுச் சட்டத்துக்கானது. ஐரோப்பாவில் அதையே வித்தியாசப் பயிற்சி என்கிறார்கள். இந்தியாவில் லைசென்ஸில் விமான வகை ஏற்றப்பட வேண்டும், அதைத்தான் ரேட்டிங் என்கிறார்கள். ஆகவே அங்கே பறந்த மணிகள் அனுபவமாக நிற்கும். இங்கே ஒரு டெயில்வீலைத் தனியாக ஓட்ட அந்த விமானத்துக்கான ரேட்டிங் வேண்டும்.

“இங்க மறுபடி செஸ்னாதான் ஓட்டப்போறேன். அப்புறம் எதுக்கு இவ்வளவு பாடு?”

டெக்சாஸிலிருந்து வந்து முதல் நாள் 172-ல் ஏறினேன். அந்தக் கறுப்புக் குண்டு நடுவிலேயே நின்றது. குறுக்குக் காற்றில் இறங்கி, ஸ்டிக் இல்லாத அந்த விமானத்தில் கை தானாக ஸ்டியரிங் போன்ற கைப்பிடியைக் காற்றுப் பக்கம் முழுசாகத் திருப்பி வைத்திருந்தது. இதற்காகத்தான்.

“சரி, சுத்த ஆரம்பிச்சிடுச்சு. பிரேக்கைப் போட்டுடலாமா?”

இரண்டு பிரேக்கையும் சேர்த்து மிதித்தால் மூக்கு குப்புற விழும், ப்ரொப்பெல்லர் போகும். முழு எதிர் ரட்டர், ஸ்டிக் முழுசாகப் பின்னால். அது போதாவிட்டால் எதிர்ப்பக்கத்துப் பிரேக்கை மட்டும் குத்திக் குத்தி. முன்னால் இடம் இருந்தால் ஒரு நொடி பவர் கொடுத்து ரட்டருக்குக் காற்று தரலாம். இவற்றை இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருக்கும்போது மெதுவான வேகத்தில் செய்து பாருங்கள். படித்தது அந்த நொடியில் வராது.

“ரன்வேயை விட்டு வெளிய வந்தாச்சு. இனி நிம்மதிதானே?”

இன்னும் இல்லை. மூக்கு மறைப்பதால் இடமும் வலமுமாக வளைந்து வளைந்துதான் டாக்ஸி செய்ய, அதாவது தரையில் ஓட்டிப்போக வேண்டும். முன்பக்கத்துக் காற்றென்றால் ஸ்டிக் பின்னாலும் காற்றுப் பக்கமும். பின்பக்கத்துக் காற்றென்றால் ஸ்டிக் முன்னாலும் காற்றுக்கு எதிர்ப்பக்கமும். நிறுத்துமிடம் வரை கை இதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

எஞ்சின் நின்றதும் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இரண்டு இறக்கையையும் வாலையும் கயிற்றால் கட்டுங்கள். கடைசியாக உள்ளே குனிந்து ஸ்டிக்கைப் பின்னால் இழுத்து சீட் பெல்ட்டால் இறுக்கிக் கட்டிவிட்டு, அப்புறம்தான் மனசிலும் காலைப் பெடலிலிருந்து எடுங்கள்.